மாமியின் பீரோ

அல்லாவே, இவன் அதைப் பிரித்துவிடக் கூடாது. நல்லதோ கெட்டதோ, முதலில் பார்ப்பது நானாக இருக்கட்டும். இந்த ஒன்றாவது என் கையால் நடக்கட்டும்.

தைல பாட்டிலுக்கு மூடி திருகிக்கொண்டே ரிஃபானா சாக்லேட் டப்பாக்களுக்கு மேலாகக் கடை வாசலைப் பார்த்தாள். கூரியர்க்காரர் ஜெயமுருகன் கவரைத் தராமல் கொழுந்தன் உஸாமாவுடன் மல்லுக்கு நின்றார்.

"பேரு போட்டவங்கதான் கையெழுத்துப் போடணும் பாய்."

"என் கையெழுத்துக்கு என்ன கொறச்சல்?"

"அதப் பாத்தா ஜெர்மன்காரன் மதினியையும் சேத்து வேணாம்னுருவான்."

உஸாமா சிரித்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்திட்டு வாங்கினாள். உள்ளே பாஸ்போர்ட் இருப்பது தொட்டதுமே தெரிந்தது. அதில் விசா இருக்கிறதா என்பதுதான் தெரியாது. கடைக்குப் பின்னால், பூம்பாறைப் பூண்டு மூட்டைகள் அடுக்கிய அறைக்குப் போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். உடனே பிரிக்க முடியவில்லை.

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தாள். கணவன் காலித் இங்கே கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அங்கே வருவதாக இருந்தது. அதற்குள் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லாவில் சாய்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. அவள் மலையேறி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அன்றே, கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் துக்கம் காக்கும் இத்தாவில் உட்கார்ந்தாள். கழற்றிக் கொடுத்த நகைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிய மாமியார் மரியம் பீவி, பாஸ்போர்ட்டையும் வெளிநாட்டில் தங்குவதற்கான அட்டையையும் அவற்றோடு சேர்த்தே வைத்தாள். அந்த வீட்டில் விலையுள்ளது எதுவும் அங்கேதான் இருக்கும். சாவி மாமியின் இடுப்பில்.

அந்த நாலு மாதம் பத்து நாளை அவளிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. அழுவதற்கென்று ஓர் அறையும், யார் முன்னும் சிரிக்கத் தேவையில்லாத நாட்களும் அவளுக்கு வேண்டியிருந்தன.

பிறகு வந்த மாதங்கள்தான் அவளுடையவை அல்ல.

ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும், முடியாவிட்டால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்று இல்லத்தின் பொறுப்பாளர் உர்சுலா கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். இத்தா முடிந்தபோது அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் மாமி கேட்டாள்.

"வருசப் பாத்திஹா ஓதிட்டுப் போம்மா. அவன் பேருல ஆக்குற சோத்துக்கு நீ இல்லாம எப்பிடி?"

பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்ததும் மாமிதான். "இன்னும் ரெண்டு வருசம் கெடக்கே! எதுக்கு இம்புட்டு வெரசாப் பறக்குற?"

அச்சடித்த தேதியை அவளும் நம்பினாள். நம்ப விரும்பினாள். காலித் தலைவைத்த தலையணை அந்த வீட்டில்தான் இருந்தது.

பாத்திஹாவுக்கு நெய்ச்சோறு தம்மில் இருந்தபோது உர்சுலாவிடமிருந்து செய்தி வந்தது. குடியேற்ற அலுவலகத்தில் விசாரித்தேன், ஆறு மாதம் தாண்டியதுமே உன் அனுமதி முடிந்துவிட்டது, அட்டையின் தேதிக்கு இனி அர்த்தமில்லை, முதலிலிருந்து விண்ணப்பி, உன் இடத்தை வைத்திருக்கப் பார்க்கிறேன்.

"போனாப் போகுது விடு. கடை இருக்கு, நாங்க இருக்கோம்" என்றாள் மாமி. அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பைக் கேட்டபோதுதான் ரிஃபானாவுக்குப் பயம் வந்தது. இங்கே அவள் காலித் பொண்டாட்டி. அங்கே, நினைவு தப்பிய கிழவர்கள்கூட அவளை ரிஃபானா என்றுதான் கூப்பிட்டார்கள்.

திண்டுக்கல் ஏஜென்ட் எளிய வழி சொன்னான். "சீக்காக் கெடந்தேன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கிருங்க, சோலி முடிஞ்சுரும்." அவள் வாங்கவில்லை. காலித்துக்காக உட்கார்ந்திருந்த நாட்களுக்கு நோய் என்று பெயர் வைக்க மனம் வரவில்லை.

சென்னையில் ஜெர்மன் தூதரகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண், ஏன் திரும்பவில்லை என்று கேட்டாள். ரிஃபானா அவள் மொழியிலேயே இத்தாவைச் சொன்னாள், பாத்திஹாவைச் சொன்னாள், தேதியைத் தப்பாக நம்பியதையும் சொன்னாள்.

"யாராவது உங்களைத் தடுத்தார்களா?"

மாமியின் முகம் வந்து போனது. "இல்லை. கேட்டார்கள். நான் சரி என்றேன்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே புரிந்தது. பூட்டியது மாமியாக இருக்கலாம். சாவியைக் கேட்காமல் இருந்தது அவள்.

கவரைக் கிழித்தாள். பக்கங்களைப் புரட்டினாள். இருந்தது. தலைமுக்காடு போட்ட அவள் படமும், அவள் பெயரும், புதிய தேதியும். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, பூண்டு நெடிக்கு நடுவில், காலித் போனபிறகு முதல் முறையாக உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே உஸாமா கத்தினான். "ஏலே, டீ சொல்லுங்கடா! பஜாருக்கே சொல்லு!"

"டீயெல்லாம் வேணாம், எனக்கு சாக்லேட்டு" என்று வண்டியைத் திருப்பினார் ஜெயமுருகன். "அந்தக் கையெழுத்துக்கு நான்ல சாட்சி!"

"எடுத்துக்கங்கண்ணே, டப்பாவோட எடுத்துக்கங்க" என்றாள் ரிஃபானா. தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்பதையே மறந்திருந்தாள்.

வீட்டுக்கு ஏறும் சரிவில் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. மாமி அவள் முகத்தை இரு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். கண் கலங்கியிருந்தது. பாதி சந்தோஷம், பாதி வேறு. இரண்டுமே உண்மை.

"எம் புள்ள ஜெயிச்சுட்டா" என்றபடி மாமி இடுப்புச் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள். அத்தரும் அந்துருண்டையும் கலந்த வாசனை வந்தது. நகைப்பெட்டியின் மேல் பழைய அட்டை அப்படியே கிடந்தது.

"குடும்மா, பத்திரமா வெக்கிறேன். நோம்பு வரப்போகுது. பெருநாள் கழிச்சு நிதானமாப் போலாம்ல?"

மாமி கையை நீட்டினாள். ரிஃபானா அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் பாஸ்போர்ட் இருந்தது.

"இல்ல மாமி. இது எங்கிட்டயே இருக்கட்டும்."