மாமியார் அதிகம் பேசுகிறார்

அந்த அம்மாள் தான் ஒரு ஏஜெண்ட் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்றுதான் நினைத்தார்கள். சித்தி முறையில் ஒருவர், பார்க்கும்போதெல்லாம் தன் மகனுக்கு ஒரு பாலிசி போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார். நான் விற்பது பாலிசி இல்லை, கதை என்று விளக்கி விளக்கி அலுத்துப்போய், கடைசியில் "பார்க்கலாம் சித்தி" என்று சொல்லி நகர்ந்துவிடப் பழகிக்கொண்டார் ஏஜெண்ட் அம்மாள்.

அவர் செய்தது இலக்கிய முகவர் வேலை. புதிதாக எழுதுகிறவர்கள் அனுப்புவதைப் படித்து, தேறும் என்று தோன்றுவதை எடுத்து, திருத்த வைத்து, பதிப்பகத்திடம் கொண்டுபோய்ப் பேசி, ஒப்பந்தம் வாங்கித் தருவது. மெத்தைக் கடை ஒன்றின் மாடியில் அலுவலகம். படிக்கட்டெல்லாம் பஞ்சு பறக்கும். தும்மிக்கொண்டே ஏறி, தும்மிக்கொண்டே இறங்குவார். உள்ளே இரண்டு அறைகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் தாள் கட்டுகள். இப்போதெல்லாம் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகிறது என்றாலும், பழைய கட்டுகளைத் தூக்கிப்போட அவருக்குத் தெம்பு வரவில்லை.

தெம்பு இல்லாமல் போயே சில வருஷங்களாகிவிட்டன. மோசமாக எழுதுகிறவர்களால் அவருக்குத் தொல்லை கிடையாது. ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும். ஓரளவு நன்றாக எழுதுகிறவர்கள்தான் உயிரை வாங்கினார்கள். குறை சொல்லவும் முடியாது, கூப்பிட்டுப் பாராட்டவும் தோன்றாது. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தால், என்ன படித்தோம் என்பதே நினைவில் நிற்காது.

அந்தச் சமயத்தில்தான் நூலகம் ஒன்றில் புதிய எழுத்தாளர்களுக்காக ஒரு கூட்டம் வைத்து, ஒரு முகவர் எதை எதிர்பார்க்கிறார் என்று பேசக் கூப்பிட்டார்கள். வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். முதல் பக்கத்திலேயே ஆளை உட்கார வைக்க வேண்டும். யார் மாதிரியும் எழுதக் கூடாது. பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சொன்னால் கேட்டுக்கொள்கிற குணம் வேண்டும். வாய் பேசிக்கொண்டிருந்தது. மனசு வீட்டில் கணவரின் கண்ணுக்கு மத்தியானச் சொட்டு மருந்து போட ஆளில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

கேள்வி நேரத்தில், கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். தோள்கள் அகலம். தலைமுடி ஈரமாகவே இருந்தது. திருத்தச் சொல்லி, எழுதினவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார் முகவர். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு நாவல் வந்தது. பொது நீச்சல் குளம் ஒன்றில் பயிற்சியாளராக இருப்பதாகவும், பிள்ளைகள் தன்னை நீச்சல் மிஸ் என்று கூப்பிடுவார்கள் என்றும், இதுவரை எதுவும் எழுதியதில்லை என்றும் நாலு வரி. அவ்வளவுதான் கடிதம். அதுவே முகவருக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் கடிதத்திலேயே பாதி நாவலை எழுதிவிடுவார்கள்.

கணவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. புத்தகம், டிவி எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரைபட அலுவலகத்தில் காலமெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருந்த மனுஷன், கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முகவருக்கே பாவமாக இருந்தது. அதனால் சாயங்காலங்களில் வேலைக்கு வேலையும் ஆச்சு, அவருக்குத் துணைக்குத் துணையும் ஆச்சு என்று, வந்த பிரதிகளைச் சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்திருந்தார். பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் கணவரின் தலை தொங்கிவிடும்.

நீச்சல் மிஸ்ஸின் நாவலுக்குத் தொங்கவில்லை. கதை சின்னதுதான். ஒருவன் வேறொரு பெண்ணோடு போய்விடுகிறான். அவன் மனைவியும் அவன் அம்மாவும் அதே வீட்டில் தங்கிவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் போக வேறு இடமில்லை, இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. அந்த மாமியார் பேசிக்கொண்டே இருந்தாள். மருமகள் துணி மடிக்கிற அழகைப் பற்றி, மாடி வீட்டுக்காரியின் இருமலைப் பற்றி, டிவியில் செய்தி வாசிக்கிறவளின் கழுத்தைப் பற்றி, ஓயாத பேச்சு. மகன் போன அன்று அவள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வாள்: "தொவைச்ச சட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு, அழுக்குச் சட்டைய நம்மகிட்ட விட்டுட்டுப் போயிருக்கான். நீ தொவைக்காத. நானும் தொவைக்க மாட்டேன். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரக் கூடாது, வரக் கூடாது என்று முகவர் கத்த வேண்டியிருந்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் கத்தினார். ஒரு பிரதியைப் படித்துச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

ஆனால் மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதத் தொடங்கியதும் கை பழைய தடத்திலேயே போயிற்று. பெரிய பதிப்பாளர் ஒருவர் இருந்தார். முகவர் கொண்டுபோவதில் முக்கால்வாசி அவரிடம்தான் போகும். அவர் என்ன சொல்வார் என்பது முகவருக்கு அவர் சொல்வதற்கு முன்பே தெரியும். கதை எப்போது நகரும் என்பார், வாசகன் யார் பக்கம் நிற்பது என்பார். ஆகவே முகவர் எழுதினார்: கணவன் போவதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரவும். மருமகளின் துக்கத்தை இன்னும் காட்டவும். மாமியார் அதிகம் பேசுகிறார், பாதியாகக் குறைக்கவும்.

தொலைபேசியில் சொன்னபோது நீச்சல் மிஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு சரி மேடம் என்றார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. முகவருக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. ஒரு கால்புள்ளியை எடுக்கச் சொன்னால் உண்ணாவிரதம் இருக்கிற ஆட்களையே பார்த்துப் பழகியவர். இப்படி ஒருத்தர் கிடைத்தாரே என்று அன்றைக்கு மெத்தைக் கடைக்காரரிடம்கூட நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார்.

திருத்திய பிரதி சீக்கிரமே வந்தது. சாயங்காலம் கணவருக்குப் படித்தார். கணவன் முதல் பக்கத்திலேயே போய்விட்டான். மருமகள் அழுதாள், ஜன்னலோரம் நின்றாள், மறுபடி அழுதாள். மாமியார் சோற்றைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

கணவர் தூங்கவில்லை. ஆனால் நாற்காலியில் அசைந்துகொண்டே இருந்தார். "அந்தம்மா எங்க?" என்று கேட்டார்.

"இருக்காங்களே. இப்பதான படிச்சேன்."

"அது வேற யாரோ. நல்லவங்களா இருக்காங்க."

முகவருக்குச் சுருக்கென்றது. அதற்கு மேல் படிக்காமல் சொட்டு மருந்தை எடுத்து வந்தார். மறுநாள் அலுவலகத்தில் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சொன்னது ஒவ்வொன்றும் செய்யப்பட்டிருந்தது. பாதியாகக் குறைக்கச் சொன்ன பேச்சை அந்தப் பெண் அனேகமாக முழுதாகவே எடுத்திருந்தார். அழுக்குச் சட்டையும் போய்விட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பதிப்பாளருக்கு இதை இன்றைக்கே அனுப்பலாம். ஒருவேளை எடுத்தும் கொள்வார். கர்சரை அனுப்புகிற பொத்தான் வரை கொண்டுபோய்விட்டு, கையை எடுத்துவிட்டார். அது நேர்மையா, சோர்வா என்று அவருக்கே விளங்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. குளோரின் நெடி. ஈரத் தரையில் செருப்போடு நடக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு முகவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நீச்சல் மிஸ் விளிம்பில் மண்டியிட்டு, பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சிறுமி கையை விட்டாள், மிதந்தாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் உடை மாற்றப் போனதும் மிஸ் வந்தார்.

முகவர் சுற்றி வளைக்கவில்லை. முதல் பிரதிதான் நன்றாக இருந்தது, நான் சொன்னது தப்பு என்றார்.

நீச்சல் மிஸ் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முகம் சிவந்துவிட்டது. "நீங்க சொன்னதத்தான மேடம் செஞ்சேன்?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். இங்க வர்றவங்க நான் சொல்றபடி செஞ்சாத்தான் மிதப்பாங்க. அதே மாதிரிதான் இதுவும்னு நெனச்சுட்டேன்."

"என்ன விக்கும்னுதான் எனக்குக் கொஞ்சம் தெரியும்" என்றார் முகவர். "அதுவும் பாதி நேரம் தப்பாப் போகும்."

மிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் அடங்கவில்லை, ஆனால் குரல் தணிந்திருந்தது. முகவர் பேச்சை மாற்ற நினைத்து, அந்த மாமியார் உங்கள் மாமியாரேதானா, இப்போதும் உங்களோடுதான் இருக்கிறாரா என்று விசாரித்தார்.

"அவங்க போய்ச் சேந்துட்டாங்க மேடம். அவங்க பையன் போனதுக்கப்புறம் கடைசி வரைக்கும் என்கூடத்தான் இருந்தாங்க. ஆனா பேசவே மாட்டாங்க. சாப்பாடு வேணுமான்னா தலைய ஆட்டுவாங்க. அவ்வளவுதான். நானும் பேசல. அத்தன வருஷம் ஒரே வீட்டுல." துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "புத்தகத்துல இருக்குற பேச்சு எல்லாம் நான் போட்டது. ஒரு வார்த்தகூட அவங்க சொன்னது இல்ல. நீங்க கொறைக்கச் சொன்னீங்க. கொறைச்சுக்கிட்டே வந்தனா, ஒரு நாள் பாத்தா அவங்க நெஜமா எப்படி இருந்தாங்களோ அப்படியே வந்து உக்காந்துட்டாங்க. அந்த வீட்ட மறுபடி பாக்க முடியல. அதான் சீக்கிரம் முடிச்சு அனுப்பிட்டேன்."

மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அது அந்த இடத்துக்குப் போதுமானதாக முகவருக்குத் தெரியவில்லை. செருப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். கடைசியில், முதல் பிரதியை அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"அனுப்புங்க. ஆனா இனிமே யார் சொன்னாலும் அவங்க பேச்சுல நான் கை வைக்க மாட்டேன்."

"சரி" என்றார் முகவர்.

பெரிய பதிப்பாளர் எதிர்பார்த்தபடியே கூப்பிட்டார். நன்றாக இருக்கிறது, சிரித்தேன், ஆனால் அந்தக் கிழவி வாயை மூட மாட்டேன் என்கிறாளே, நாலு அத்தியாயத்தைத் தூக்கினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். இப்படிப்பட்ட சமயத்தில் எழுதினவரைக் கூப்பிட்டு, பக்குவமாகப் பேசி, வழிக்குக் கொண்டுவருவதுதான் முகவருடைய தொழில். அதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை.

"மாட்டாங்க" என்றார்.

"கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க மேடம்."

"கேக்க வேண்டியதில்ல. நானும் கேக்க மாட்டேன்."

பதிப்பாளர் சிரித்துவிட்டு, உங்களுக்கு வயசாயிட்டுது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அது விளையாட்டா, உண்மையா என்று முகவர் யோசித்தார். உண்மையாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

அதன்பிறகு நீண்ட காலம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பதிப்பகம் பதிலே போடவில்லை. இன்னொன்று, மாமியார்-மருமகள் கதையெல்லாம் பழசு என்றது. பிடிவாதம் பிடித்து அந்தப் பெண்ணின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டோமோ என்று முகவர் பஸ்ஸில் உட்கார்ந்து குமைவார். நீச்சல் மிஸ் ஒரு தடவைகூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலையே என்றிருந்தது. கணவரின் கண் தேறிவிட்டது. இப்போது அவரே படித்துக்கொண்டார். சத்தமாகப் படிப்பது நின்றுபோனது. முகவருக்கு அதில் ஒரு வெறுமை.

கடைசியில், தனியாளாக ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிற பெண் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவரும் மாமியார் அதிகம்தான் பேசுகிறார் என்றார். எங்கே வெட்டலாம் என்று பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தேன், ஒவ்வொரு இடத்திலும் மேலே படிக்கப் போய்விட்டேன், ஓர் இடமும் கிடைக்கவில்லை என்றார். கொஞ்சம் பிரதிகள்தான் அச்சாகின. விழா எதுவும் இல்லை. ஒரு பத்திரிகையில் அரைப் பத்தி வந்தது. அதிலும் நீச்சல் மிஸ்ஸின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். ஆனால் வாங்கினவர்கள் இரவல் கொடுத்தார்கள் போலிருக்கிறது. முன்பின் தெரியாத பெண்கள் பதிப்பகத்துக்கு எழுதி, அந்த மாமியார் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

ஒரு விடுமுறை நாளில் நீச்சல் மிஸ் மெத்தைக் கடைப் படிகளில் ஏறி வந்தார். வந்தவுடன் மூன்று தும்மல். புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை; அதைப் பற்றிப் பேசவும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். தாள் கட்டுகளைப் பார்த்து, இத்தனையையும் நீங்களே படித்தீர்களா என்று கேட்டார். பிறகு, "அடுத்தது என்ன எழுதலாம் மேடம்?" என்றார்.

மர்மக் கதைக்கு இப்போது நல்ல கிராக்கி என்று பெரிய பதிப்பாளர் சொல்லியிருந்தார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முகவர் அதை விழுங்கினார்.

"அத எங்கிட்டக் கேக்காதீங்கம்மா. எழுதி எடுத்துட்டு வாங்க, படிக்கிறேன்."

நீச்சல் மிஸ்ஸுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் தலையாட்டிவிட்டு எழுந்தார். அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பாதிப் படியில் இன்னொரு தும்மல். முகவர் திரையில் காத்திருந்த பிரதிகளைப் பார்த்தார். அன்றைக்கு எதையும் திறக்கத் தோன்றவில்லை. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு, வெயில் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினார்.