சைகை இல்லாத ஆட்டம்

ஜெஸிதான் காட்டிக்கொடுக்கிறாள் என்று பவதாரிணிக்கு ஒரு வாரமாகச் சந்தேகம்.

வாலிபாலில் வலைக்கு நடுவே ஓடிவந்து அடிப்பவள் பவதாரிணி. அவளுக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டர் ஜெஸி. பந்து நடுவுக்கா ஓரத்துக்கா என்று ஜெஸி முன்கூட்டியே முதுகுக்குப் பின்னால் விரலால் சைகை காட்டுவாள். ஓரத்துக்கு என்றாலும், அடிக்கப்போவதுபோல் ஓடி எதிரணியை ஏமாற்ற வேண்டியது பவதாரிணியின் வேலை. உசிலம்பட்டி அணியின் முத்துமீனா மட்டும் ஏமாறுவதே இல்லை. பந்து நடுவுக்கு வந்தால் அவள் கைகள் மறித்து நிற்கும். வராவிட்டால் குதிக்கவே மாட்டாள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் முத்துமீனாவும் ஜெஸியும் ஒரே கிளாஸ் கரும்புச்சாற்றை மாற்றி மாற்றிக் குடித்ததைப் பவதாரிணி பார்த்திருக்கிறாள். சைகையின் அர்த்தம் அங்கேதான் கைமாறியிருக்கும். ஜெஸிக்குப் பின்னால், களத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் உசிலம்பட்டிக்காரிகள் விரலைப் பார்த்துக் குரல்கொடுக்கிறார்கள். வேறெப்படி?

அன்று ஒத்தக்கடை மைதானத்தில் அவர்களோடு பயிற்சி ஆட்டம். முடிந்ததும் எழுமலைப் போட்டிக்கு அணியை அறிவிக்க வேண்டும். முதல் செட் தோற்றதும் பவதாரிணி பயிற்சியாளர் இம்மானுவேல் சாரிடம் சந்தேகத்தைச் சொன்னாள்.

"அடுத்த செட்ல சைகை வேணாம்னு சொல்லிரு. அப்பயும் அவ மறிச்சா ஜெஸி மேல தப்பில்ல. மறிக்கலைன்னா வெளிய உக்காந்திருக்க திவ்யாவ செட்டராப் போட்டுர்றேன்" என்றார் அவர்.

சைகை நின்றது. பந்து தனக்கா என்று தெரியாமல் பவதாரிணி ஒவ்வொரு தடவையும் அடிக்கவே ஓடினாள். முத்துமீனா தப்புத்தப்பாகக் குதித்தாள். செட்டை ஜெயித்தும் பவதாரிணிக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயடியில் முத்துமீனா முகம் கழுவிக்கொண்டே கேட்டாள். "என்னடி, கால மாத்திட்ட? பந்து உனக்கில்லைன்னா கடைசி எட்ட கட்டையா வைப்ப. இப்ப எல்லாத்துக்கும் நீட்டமா வைக்கிற."

"இப்புடிச் சொல்லச் சொன்னது ஜெஸியா?"

"அவளா? பவா அம்புட்டு நல்லா அடிப்பான்னு உன் புராணம்தான் பாடுவா."

இதையும் நம்பலாமா? பவதாரிணி ஜெஸியைக் கூப்பிட்டாள். புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்த, இன்னும் யாரும் மிதிக்காத பக்கத்து ஆடுகளத்துக்குப் போனார்கள்.

"ரெண்டு பந்து தூக்கிப் போடு. சைகையோட."

"வேணாம்னு நீதான சொன்ன?"

"காட்டு."

முதலில் நடுவுக்கு. ஓடி அடித்தாள். அடுத்து ஓரத்துக்கு. ஓடி, குதித்து, திரும்பிக் குனிந்து பார்த்தாள். ஈரமண்ணில் இரண்டாவது ஓட்டத்தின் கடைசி எட்டு, நீளத்தில் முதலாவதில் பாதிதான் இருந்தது.

"என்னத்தடி தொலைச்ச?" என்றாள் ஜெஸி.

பவதாரிணி சாரிடம் ஓடினாள். அவர் அதற்குள் திவ்யாவைப் பக்கத்தில் அழைத்திருந்தார்.

"ஜெஸி இல்ல சார். என் காலுதான்."

"கொஞ்சம் முன்னால ஒண்ணு சொன்ன. இப்ப ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வாரீங்களா?"

"மண்ணு காயறதுக்குள்ள வந்து பாருங்க சார்."

அவர் வந்தார். குனிந்து இரண்டு தடங்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "திவ்யா, நீ போம்மா. ஜெஸியே இருக்கட்டும்" என்றார்.

திவ்யா போனாள். ஜெஸி போகவில்லை.

"'ஜெஸியே இருக்கட்டும்'னா? நான் எதுக்கு இல்லாமப் போகணும்?" என்று பவதாரிணியைக் கேட்டாள். "சார்கிட்ட என்னைய என்னன்னு சொன்ன?"