கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்

1

இந்தக் கதை எனக்குப் போனில் கிடைத்தது. "எழுதுங்க. ஆனா நான்னு தெரியக்கூடாதுங்க" என்றாள் அவள். சரி என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

துடியலூரில், மஞ்சள் கேட் போட்ட வீட்டில்... [வேண்டாம். கேட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.]

2

அவளுக்கு யுவஸ்ரீ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊரை உடுமலைப்பேட்டைக்கு மாற்றிவிட்டேன். பொறியாளர் திருமூர்த்தியின் அலுவலகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. அவர் மேற்பார்வையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புது வகுப்பறை கட்டினார்கள். கூரையின் வலிமையைப் பரிசோதிக்க அனுப்பிய மாதிரிக் கான்கிரீட் கட்டிகளை மட்டும் தனியாக நல்ல கலவையில் வார்த்ததை அவள் பார்த்தாள். கூரைக்குப் போனது சிமெண்ட் குறைந்த வேறு கலவை. அந்தக் கூரைக்குக் கீழேதான் பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள். மனசு கேட்காமல், தன் பெயரைப் போட்டே மேலிடத்துக்குப் புகார் அனுப்பினாள்.

[பெயர் போடாவிட்டால் குப்பைக்கூடை. போட்டால்... இந்த வாக்கியத்தை முடிக்கப் பயமாக இருக்கிறது.]

மேலிடம் வழக்கமாகச் செய்வதைச் செய்தது. "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்று எழுதி, புகாரை அப்படியே திருமூர்த்தியின் மேசைக்கு அனுப்பிவைத்தது.

(அடிக்குறிப்பு மாதிரி: ஊழலைச் சொல்பவரைக் காக்க 2014இல் சட்டம் நிறைவேறியது. நான் இதை எழுதும்வரை அது நடைமுறைக்கு வரவில்லை. இதை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.)

3

ஞாயிறு காலை திருமூர்த்தி மனைவியோடு யுவஸ்ரீயின் வீட்டுக்கு வந்தார். கையில் பழத்தட்டு, அதன்மேல் மகளின் கல்யாணப் பத்திரிகை. யுவஸ்ரீயின் அப்பா சென்னியப்பன் தோட்டங்களில் கூலி வேலை செய்பவர். இப்படிப்பட்டவர்கள் அந்த வீட்டுக்கு வந்து அழைத்ததே இல்லை. பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். திருமூர்த்தி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தட்டை வீட்டுப் பெரியவரிடம்தானே கொடுப்பார்கள்? சென்னியப்பன் இரு கைகளையும் நீட்டினார். திருமூர்த்தி அவரைத் தாண்டிப் போய் யுவஸ்ரீயின் கையில் கொடுத்தார்.

"நீதான் அம்மணி முக்கியம். பள்ளிக்கூடத்து மேல உனக்கு எவ்வளவு அக்கறை! கண்டிப்பா வரோணும். வரலீன்னா நாங்களே வந்து கூட்டிட்டுப் போவோம்."

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு விழுந்தது.

"நம்ம ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சாரு கண்ணு!" கார் போன பிறகும் சென்னியப்பன் வாசலைவிட்டு நகரவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருப்பவரிடம் அவள் எப்படிச் சொல்வாள்?

4

முடிவு ஒன்று: அவள் போகவில்லை. [வீட்டுக்கே வருவோம் என்றாரே.] இரண்டு: போகிறாள். பந்தியில் அவரே நின்று பரிமாறுகிறார். மறுநாள் புகாரைத் திரும்பப் பெறுகிறாள். அந்தக் கூரை... மூன்று: சட்டம் வந்து— [சிரிக்காதீர்கள்.]

பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். பழத்தட்டை மட்டும் மாற்ற மனம் வரவில்லை, கதைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரே ஒரு நண்பருக்குத்தான் படிக்கக் கொடுத்தேன். நேற்று போன் வந்தது, மரியாதையான குரல்.

"ஏனுங்க, கதை எழுதறீங்களாமா? நல்லா எழுதுங்க. உக்கடத்துல உங்க ஊடு எந்தப் பக்கமுங்க? பத்திரிகை வெக்கோணும்."

அவளை எச்சரிக்கக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இப்போதும் எடுக்கவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதுக் கூரை இருந்தால் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். விரிசல் தெரிந்தால் புகார் எழுதுவீர்கள்தானே? கீழே யார் பெயரைப் போடுவீர்கள்?