டம்ளருக்கு வெளியே தண்ணீர்

கேள்வி கேட்டே பாடம் நடத்துவது ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழக்கம் என்று பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். அறிவியல் டீச்சர் அதை அப்படியே நம்பினார். அவருக்கு ஒரே வியாதிதான்: கேள்வி கேட்ட வாய் மூடுவதற்குள் பதிலையும் சொல்லிவிடும்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறே, சாப்பிட்டிருப்பீங்கன்னு நீயே சொல்லிடறே. நான் எதுக்குடி வாயைச் சுமந்துக்கிட்டுத் திரியறேன்?" என்பார் வீட்டுக்காரர்.

தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை உங்க வகுப்புல வந்து உட்காருவேன். பதிலை நீங்களே சொன்னீங்கன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க வேலை இல்லம்மா."

வெள்ளிக்கிழமை வந்தது. மேசைமேல் கண்ணாடி டம்ளர், அதில் ஐஸ் தண்ணீர். வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"வெளியே இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்தது?"

வழக்கம்போல் பதிலும் வரும் என்று பேனா மூடிகள் கழன்றன. பதில் டீச்சரின் தொண்டைக்குழியில் நின்று குதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார். மின்விசிறி மட்டும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. எதற்கும் தலையாட்டுவதால் 'தலையாட்டி' என்று பேர் வாங்கிய முன்பெஞ்சுக்காரி, ஆட்ட எதுவும் கிடைக்காமல் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

கடைசி பெஞ்சில் ஒருவருக்குத் தாங்கவில்லை. "உள்ளேர்ந்து கசியுது!"

சொன்னவர் தலைமையாசிரியர். அவர் பாடம் வரலாறு.

தலையாட்டி நிம்மதியாகத் தலையாட்டினாள்.

'தப்பு' என்று சொன்னால் பதில் சொன்ன கணக்காகி வேலை போகும். சும்மா இருந்தால் அறிவியல் போகும். டீச்சர் நிமிர்ந்து நின்றார்.

"சரி, உள்ளே நீல இங்க் ஊத்தினா, வெளியே என்ன நிறத்துல கசியணும்?"

"நீலம்!" தலையாட்டியே வந்து, வெளியே இருந்த முத்துகளைத் துடைத்துவிட்டு இங்க்கை ஊற்றினாள். தலைமையாசிரியரும் பின்னாலேயே வந்து, மறுபடி வேர்த்ததும் தன் வெள்ளைக் கைக்குட்டையால் டம்ளரின் வெளிப்பக்கத்தைத் துடைத்தார். கைக்குட்டை நனைந்தது, வெள்ளையாகவே இருந்தது.

தலையாட்டியின் தலை முதன்முறையாகப் பக்கவாட்டில் ஆடியது. "இல்ல சார். கசியல."

"அப்ப காத்துலேர்ந்தா?" என்றான் ஒருவன்.

"காத்துல ஏதுடா தண்ணி?"

"காயப்போட்ட துணியில இருந்த தண்ணி எங்கடா போச்சு?"

வகுப்பு சந்தைக்கடையானது. மணி அடித்தும் யாரும் எழவில்லை. தலைமையாசிரியர் டீச்சரின் பக்கம் குனிந்தார்.

"எனக்கு மட்டும் ரகசியமா சொல்லிடுங்கம்மா."

"சொன்னா அடுத்த வருஷம் வேலை இருக்குமா சார்?"

அவர் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லாதீங்க. அடுத்த வருஷமும் சொல்லாதீங்க. திங்கக்கிழமை எனக்கு முன்பெஞ்சுல இடம் போட்டு வைங்க."