எல்லாருக்கும் ஒரே நெஞ்சு

ரெக்ஸ் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினான். கிளாட்வின் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தான். படத்தில் இருந்தது கிளாட்வினின் நெஞ்சு.

"பாத்தியாலே, ஒரு கொறையும் இல்லன்னுட்டாவ. வியாழக்கிழம கொச்சி, அங்கன இருந்து கப்பலு வேல."

சொல்லி முடிப்பதற்குள் ரெக்ஸுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். கிளாட்வினுடைய அக்கா கிளாடிஸின் புருஷன் அவன். திரேஸ்புரத்தில் சங்கு குளித்த உடம்பு, இரண்டு மாதமாக இப்படித்தான் குலுங்குகிறது. கேட்டால் உப்புக்காற்று என்பான். படத்தின் ஓரத்தில் ரெக்ஸ், வயது நாற்பத்தொன்று என்று அச்சாகியிருந்தது. கீழே இடது காறை எலும்பு நடுவில் புடைத்து வளைந்து கிடந்தது. பன்னிரண்டு வயதில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுப் பாறையிலிருந்து விழுந்து கிளாட்வின் உடைத்துக்கொண்ட எலும்பு. தன் எலும்பு தனக்குத் தெரியாதா?

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது கிளாட்வினின் தொழில். போன மாசியில் செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் ஸ்கேன் சென்டரிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். எக்ஸ்ரே மெஷின் பழையது. அதன் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அந்தக் கம்ப்யூட்டரோ சாகக் கிடந்தது. கிளாட்வின் மூன்று நாள் உட்கார்ந்து அதை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினாக்கி, சட்டைப்பையில் அடங்கும் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தான். எந்த லேப்டாப்பில் செருகினாலும் திரைக்குள் அந்தப் பழைய கம்ப்யூட்டர் எழுந்து வரும், மருத்துவ முகாம் வேனில் ஊர் ஊராகக் கொண்டுபோகலாம். ஓடுகிறதா என்று பார்க்க வேறு ஆள் கிடைக்காமல், கழுத்துச் சங்கிலியைக்கூடக் கழற்றாமல் தானே மெஷின் முன்னால் நின்றான். படம் அருமையாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து உறைய வைத்தான். யார் என்ன குளறுபடி செய்தாலும் மறுநாள் திறக்கும்போது முதல் நாள் இருந்தபடியே எழும். சோதனைப் படத்தை அழித்துவிட்டல்லவா உறைய வைத்திருக்க வேண்டும்! மடையன், மறந்துவிட்டான். தினமும் காலையில் பட்டியலில் முதல் ஆளாக அவன் நெஞ்சு வந்து நின்றது.

மச்சானின் படத்தைப் பார்த்த கையோடு கிளாட்வின் நேரே சென்டருக்குப் போனான். மேஜையில் கிடந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். இசக்கியப்பன், பேச்சிராஜா, சுடலைக்கண்ணன். எல்லாருக்கும் வளைந்த காறை எலும்பு, எல்லாருடைய கழுத்திலும் சங்கிலி, சங்கிலியில் சிலுவை. சுடலைமாடனை நினைத்துப் பேர் வைத்த மனுஷனுக்கு நெஞ்சில் சிலுவை தொங்குகிறது, கையெழுத்துப் போட்ட டாக்டருக்குக் கண் எங்கே போயிற்று?  தான் கழற்றிப் போட்ட பனியனை ஊரே மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டது போலக் கிளாட்வினுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்ன அண்ணாச்சி இது?"

செந்தூர்பாண்டிக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. "கப்பலுக்கு ஆள் அனுப்புத ஏஜென்சிக்காரன் கேக்கது ஒரு படம், ஒரு சீட்டு. அத எவன் பாக்கான்? மிஷின எறக்கி ஏத்தி எடுத்தா நாளைக்குப் பத்து ஆளு. இப்பம் உன் படத்துல பேர மட்டும் மாத்தி அடிச்சா அறுவது ஆளு போவுது. ராசியான நெஞ்சுடே உனக்கு!"

சிரித்தபோது பல்லிடுக்கில் முறுக்குத் துணுக்கு தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொம்பளையளுக்கு இது சரிப்படாது, பாத்துக்க. எறால் கம்பெனியில இருந்து எரநூறு பிள்ளைய வருது. ஒங்க அக்காள ஒரு எட்டு கூட்டிட்டு வந்து நிக்க வையி."

கிளாட்வின் டிஸ்கைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கொண்டு போ, கொண்டு போ. வேன்ல ரெண்டு நகல் கெடக்கு," என்றார் அவர்.

அந்த இரண்டையும் போட்டுக் கொடுத்தவனும் கிளாட்வின்தான். வெளியே வந்து சாக்கடையில் காறித் துப்பினான். அதில் பாதி தனக்கே என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் ரெக்ஸ் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான், படம் எடுக்கையில ஒங்கள நிக்க வச்சாவளா?"

"இல்லலே. பேரு கேட்டாவ, உக்காரச் சொன்னாவ. புது மிஷினு போலன்னு நெனச்சேன்."

"அது ஒங்க நெஞ்சு இல்ல. என் நெஞ்சு."

 ரெக்ஸ் படத்தைப் பத்திரமாக உறையில் திணித்தான். "இருந்துட்டுப் போட்டும். கப்பல் ஏறுன பொறவு எவன் கேக்கான்? வெளிய சொல்லாத."

சீ என்றிருந்தது கிளாட்வினுக்கு. அண்ணாச்சி விற்கிற பொய்யை மச்சான் ஆசையாகக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். புறவாசலில் துவைத்துக்கொண்டிருந்த கிளாடிஸ் ஈரக் கையோடு உள்ளே வந்தாள். ஒரு கைக்குட்டையைப் பெட்டிக்குள் மடித்திருந்த சட்டைகளின் மேல் விரித்துப் போட்டாள். நடுவில் செம்பழுப்பாகக் கறை.

"மூணு தடவ சோப்பு போட்டுட்டேன், போவல. இதுவும் உப்புக்காத்தா?" தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே கிளாட்வின், வண்டிய எடு."

அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். ரெக்ஸ் அதைக் கழற்றிக் கிளாட்வின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். சிறுவயதில் வள்ளத்தில் உட்கார்ந்து மச்சானுக்கு மூச்சு எண்ணியது கிளாட்வின்தான். தண்ணீருக்குள் தலை மறைந்ததும் ஒன்று தொடங்குவான். தொண்ணூறு வரை போன நாளும் உண்டு.

"மூச்ச நல்லா இழுத்து அடக்குங்க," என்றது உள்ளே ஒரு குரல்.

கிளாட்வின் வாய் தானாக எண்ணத் தொடங்கியது. நாலு வருவதற்குள் கதவுக்கு அந்தப்பக்கம் இருமல் வெடித்தது.

"பரவால்ல, இன்னொரு தடவ. அடக்குங்க."

கையில் சங்கிலி வேர்வையோடு பிசுபிசுத்தது. கிளாட்வின் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.