புரட்டிப்போட்ட சட்டை

அமிஹானின் கைகளை ஆஸ்பத்திரியில் கட்டிப்போடுவது இது மூன்றாவது தடவை. ஒன்பது மாதக் குழந்தை. பிறந்த இருபதாம் நாளிலிருந்து உடம்பு முழுக்கக் கரப்பான். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் ஈரம் காயாத புண். அரிப்பு வந்தால் ரத்தம் பார்க்காமல் விடமாட்டாள். புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் படுத்தால், நர்ஸ் ஜெஸிபெல் வெள்ளைக் கட்டுத்துணியைக் கிழித்து இரண்டு மணிக்கட்டையும் தொட்டில் கம்பியோடு முடிச்சுப் போட்டுவிடுவாள். கோழிச் சண்டைக்குப் போகிற சேவல்கூட இவ்வளவு இறுக்கமாகக் கட்டுப்பட்டு நின்றதில்லை.

லிகாயா பையிலிருந்து தான் தைத்த சட்டையை எடுத்தாள்.

"மம்மி, மறுபடியுமா?" என்றாள் ஜெஸிபெல். குழந்தை வார்டில் எல்லா அம்மாக்களும் அவளுக்கு மம்மிதான். "வார்டு கவுன் இல்லன்னா நம்பர் உள்ள மருத்துவ உடுப்பு. வேற எதுவும் உள்ள வரக்கூடாது."

"இதப் போட்டா கையக் கட்டவே வேணாம்மா. கை நுனி மூடித்தான் தச்சிருக்கேன். வீட்டுல இதப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறா."

"எனக்குத் தெரியாதா? ஆனா நம்பர் இல்லையே."

"அந்தக் கட்டுத்துணிக்கு இருக்கா?"

ஜெஸிபெல் கட்டுத்துணியின் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள். இருந்தது. எட்டு இலக்கம். குழந்தையைக் கட்டிப்போடுகிற துணி அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றது.

லிகாயா தைதாய்க்காரி. அந்தத் தையல்காரர் ஊரில் பிறந்தவர்கள் நடக்கக் கற்பதற்கு முன்பே தையல் மெஷின் மிதியில் உட்கார்ந்து பழகியவர்கள். பதினாறு வயதில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள், இருபத்திரண்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை. பள்ளிச் சீருடை, கூடைப்பந்து சட்டை, தேர்தல் வந்தால் வேட்பாளர் பல்லிளிக்கும் பனியன், எல்லாம் தைத்திருக்கிறாள். மகளுக்கு மட்டும் யோசித்துத் தைத்தாள். மெல்லிய பனியன் துணி. பொத்தான் இல்லை, லேபிள் இல்லை. தையல் விளிம்பு ஒன்றுகூடத் தோலில் உரசாதபடி தையலெல்லாம் வெளிப்பக்கம். பார்த்தவர்களுக்கு அது உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிப்போட்ட சட்டை. குழந்தைக்கு அது தூக்கம்.

ஆஸ்பத்திரி டாக்டர் சட்டையைத் தடவிப் பார்த்து, "அருமையா இருக்கு. நம்பர் மட்டும் வாங்கிட்டு வாங்க, வார்டுக்கே எடுத்துக்கலாம்" என்றார். சந்தையில் தக்காளி வாங்கி வரச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அது நடந்து ஐந்து மாதமாகிறது. அங்கீகாரம் தருகிற அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில், இது துணி, துணி அலுவலகத்துக்குப் போ என்றார்கள். துணி அலுவலகத்தில், இது நோய்க்கு, மருத்துவ அலுவலகத்துக்குப் போ என்றார்கள். பதினோரு பக்க ஃபாரம் கொடுத்தார்கள். பொருளில் பேட்டரி உண்டா? நோயாளியின் உடலுக்குள் பொருத்தப்படுமா? கதிர்வீச்சு வெளிப்படுமா? காலாவதி எப்போது? கடைசிக் கேள்வியில் லிகாயா பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மெஷினில் தைக்கிற சாரிங் எட்டிப் பார்த்தாள்.

"புள்ள வளர்ந்து சட்டை பத்தாமப் போற அன்னிக்குக் காலாவதின்னு எழுதுடி. இவங்க குடுக்குற வேகத்துக்கு, அவ கல்யாண கவுனுக்குத்தான் நம்பர் வரும்."

சாயம் போகிறதா என்று சோதனை, துவைத்தால் சுருங்குகிறதா என்று சோதனை, எல்லாவற்றிலும் சட்டை தேறியது. பிறகு ஒரு கடிதம் வந்தது. 'மாதிரி உடுப்பு உட்புறம் வெளியே இருக்கும்படி தவறாகத் தைக்கப்பட்டுள்ளது. தையல்கள் வெளியே தெரிகின்றன. சரிசெய்து நேரில் வரவும்.'

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தையலைத் தவறு என்று சொன்ன முதல் ஆள் தையல் தெரியாத ஆள். கடிதம் வந்த அன்றுதான் அமிஹானுக்கு மூன்றாம் தடவையாகக் காய்ச்சல் கண்டது. மறுநாள் குழந்தையின் கட்டிய கையைப் பார்த்துவிட்டு, வார்டிலிருந்து நேரே ஜீப்னி ஏறினாள்.

அலுவலக வாசலில் பெரிய பலகை: மதிய இடைவேளை கிடையாது. அதற்குக் கீழே இருந்த ஊழியர் நாற்காலிகள் எல்லாம் காலி. பன்னிரண்டரை மணி. மேசைகளின் மேல் மின்விசிறி மட்டும் கடமையாற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் நாலாம் மாடி என்றார். நாலாம் மாடியில் இரண்டாம் மாடி என்றார்கள். இரண்டாம் மாடியில், கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பகதுவான் மேம் மெரியெண்டாவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எங்கே போய்ப் பலகாரம் தின்கிறார் என்று கேட்டதற்கு, நாலாம் மாடி. ஏறி இறங்கி மூன்றாம் தடவை வாசலுக்கே வந்து நின்றவளைப் பார்த்துக் காவலாளி மாங் தென்சியோ சிரித்தார். அறுபதை நெருங்கிய மனிதர், முன்பல் இரண்டு இல்லை. அங்கே வருகிற பெண்களெல்லாம் அவருக்கு ஆத்தே, அதாவது அக்கா.

"ஆத்தே, மூணாவது தடவையா அதே வாசலுக்கு வர்றீங்க. இது திக்பாலாங் வேலை."

"பேய்க்குப் போக வேற எடம் இல்லையா, மாங் தென்சியோ?"

"மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. அந்தக் குதிரைத் தலையன் எங்க போவான்? கவர்மெண்ட் உத்தியோகத்துல சேந்துட்டான். வர்ற சனத்த வழி மாத்தி விடறதுதானே அவனுக்குத் தெரிஞ்ச தொழில்." குரலைத் தாழ்த்தினார். "பிளவுஸ புரட்டிப் போடுங்க. நான் இங்க வேலைக்குச் சேந்த முதல் வாரம் பூரா சட்டையப் புரட்டித்தான் போட்டேன். இல்லன்னா கழிப்பறைக்கே வழி கிடைச்சிருக்காது."

லிகாயாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் காட்டில் வழி தவறினால் சட்டையைப் புரட்டிப் போட வேண்டும் என்பது, மழைக்குக் குடை பிடிப்பதைப் போல அவளுக்குக் கேள்வியில்லாமல் தெரிந்த விஷயம். ஐந்து மாதமாக ஃபாரத்தை நம்பியவளுக்குப் பேயை நம்புவதில் என்ன கேவலம்? கழிப்பறைக்குள் போய்ப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்தாள். லிஃப்ட் தானாகத் திறந்தது. உள்ளே, பொரித்த வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு மிஸ் பகதுவான் நின்றிருந்தாள்.

மேசைக்கு அழைத்துப் போனாள். முப்பது வயதுக்குள் இருக்கும். புது அலுவலகச் சீருடை. கழுத்துப் பட்டையில் தடித்த லேபிள். பேசும்போதெல்லாம் கை பின்கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தது.

"ஆத்தே, மாதிரிச் சட்டையத்தான் புரட்டித் தச்சீங்கன்னு பாத்தா, உங்க பிளவுஸும் புரட்டித்தான் இருக்கு. உங்க வீட்டுல எல்லாமே இப்படித்தானா?"

"வழி தவறிப்போச்சு மேம். அதான்."

"கிடைச்சுதா?"

"உங்கள கண்டுபிடிச்சுட்டேனே."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். மிஸ் பகதுவான் சட்டையை மேசையில் விரித்தாள். லிகாயா சொன்னாள், பேரம் பேசுகிறவள் மாதிரி இல்லாமல், மெதுவாக: இந்தக் குழந்தைகளுக்குத் தோல் வெந்த தக்காளித் தோல் மாதிரி. ஒரு நூல் முடிச்சு போதும், உரியும். அதனால்தான் தையல் வெளியே. தப்பில்லை மேம், அதுதான் சட்டையே.

மிஸ் பகதுவான் சொறிவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எனக்குப் புரியுது ஆத்தே. ஆனா எனக்குப் புரிஞ்சுதுன்னு எழுத ஃபாரத்துல கட்டம் இல்ல. 'தையல் வெளியே தெரியக் கூடாது'. இதுக்கு ஆமா, இல்ல, ரெண்டுதான்."

"கட்டம் போட்டவங்கள்ல யாராவது குழந்தைக்குச் சட்ட மாட்டியிருக்காங்களா மேம்?"

"அதையெல்லாம் கேட்டா புது கமிட்டி போடுவாங்க. கமிட்டின்னா ரெண்டு வருஷம்." சட்டையைக் கையில் எடுத்தாள். இரண்டு கைப்பகுதிகளுக்குள்ளும் விரலை விட்டு, லாகவமாக அப்படியே புரட்டினாள். தையல் உள்ளே போனது. மேசையில் வைத்துப் படம் பிடித்தாள். "பாருங்க, எவ்வளவு நீட்டா இருக்கு! நீங்க சரியாத்தான் தச்சிருக்கீங்க. புரட்டிக் குடுத்துட்டீங்க, அவ்வளவுதான்."

லிகாயா வாயைத் திறந்தாள். மனக்கண்ணில் தொட்டில் கம்பி தெரிந்தது. கம்பியில் முடிச்சு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா மேம். நான்தான் முட்டாள்."

முத்திரை விழுந்தது. எட்டு இலக்கம். சான்றிதழின் நடுவில், தையலெல்லாம் உள்ளே மறைந்த, அழகான, ஒன்றுக்கும் உதவாத சட்டையின் வண்ணப் படம். வெளியே போகும்போது, சேவையில் திருப்தியா என்று ஒரு சீட்டை நீட்டினார்கள். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். லிகாயா சீட்டைத் தலைகீழாகத் திருப்பி, தலைகீழான சிரிப்பில் டிக் போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் வார்டில் ஜெஸிபெல் நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தாள். தானே முடிச்சை அவிழ்த்தாள். அமிஹானின் மணிக்கட்டில் கட்டுத்துணியின் வரி சிவப்பாகப் பதிந்திருந்தது. சான்றிதழைத் தொட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, படத்தில் உள்ளபடியே, தையல் உள்ளே இருக்கச் சட்டையை மாட்டினாள். அக்குளில் விளிம்பு பட்டதுதான் தாமதம், குழந்தை வீறிட்டது. பக்கத்துத் தொட்டில் இரண்டும் சேர்ந்துகொண்டன.

"புரட்டிப் போடணும்மா" என்றாள் லிகாயா.

"மம்மி, படத்துல இப்படித்தான் இருக்கு. படத்துக்கு மாறாப் போட்டா அது வேற உடுப்பு. நாளைக்கு யாராவது வந்து கேட்டா என் வேல போயிடும்."

லிகாயா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். தையல் விளிம்பு பற்றிச் சொல்லலாம். ஐந்து மாதமாகச் சொன்னதுதான்.

"நீ எந்த ஊரு, ஜெஸிபெல்?"

"கேசோன். மலைப்பக்கம்."

"அங்க காட்டுல வழி தவறினா என்ன பண்ணுவீங்க?"

ஜெஸிபெல்லின் கண் லிகாயாவின் பிளவுஸில் வெளியே தெரிந்த தையலில் போய் நின்றது.

"இவ மூணு தடவையா இந்த வார்டுக்கே திரும்பித் திரும்பி வந்து நிக்கிறா. வீட்டுக்குப் போற வழி கிடைக்கல. நீயே சொல்லு, இது எதோட வேல?"

ஜெஸிபெல் கதவுப் பக்கம் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆலமரத்தைப் பார்த்தாள். சட்டென்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா மம்மி! எத்தனை நாளா வெச்சுக்கிட்டு இருக்கீங்க!" என்று கடிந்துகொண்டு, தானே சட்டையைக் கழற்றிப் புரட்டி மாட்டினாள். அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சானது. மூடிய கைநுனியால் அமிஹான் கன்னத்தை இரண்டு தடவை தேய்த்துவிட்டுத் தூங்கிப்போனாள். கட்டுத்துணியை ஜெஸிபெல் சுருட்டி அலமாரிக்குள் எறிந்தாள்.

காலையில் டாக்டர் சுற்றி வந்தார்.

"சட்டை ஏன் படத்துல மாதிரி இல்ல?"

ஜெஸிபெல் நிமிர்ந்து நின்றாள். "திக்பாலாங், டாக்டர்."

டாக்டர் குழந்தையின் கழுத்தைப் பார்த்தார். புதுக் கீறல் ஒன்றும் இல்லை. குறிப்பேட்டை வாங்கி ஏதோ எழுதப்போய், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மூடிக் கொடுத்தார்.

"மத்த தொட்டிலுங்களுக்கும் இந்தச் சட்டையே வாங்கி, புரட்டியே போடுங்க" என்றார்.