மாப்பிள்ளை இழுத்த கேபிள்

பெற்ற பிள்ளையாக இருந்தால் முதல் நாளே காதைத் திருகியிருப்பேன். மாப்பிள்ளையாகப் போய்விட்டார். அதனால் மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். இன்னொரு வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று மகளும் அவரும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து தங்கினார்கள். மகள் காலையில் வங்கி வேலைக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளை உள்ளறையில் தன் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து வேலை தேடுவார். கூடத்தில் என் கம்ப்யூட்டரின் முன் நான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, எதையோ மென்றுகொண்டே பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். இரண்டுக்குப் பிரித்துக் கொடுக்கக் கடையில் ஒரு பெட்டி விற்கிறதாம், வாங்கி வந்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் செருப்பை மாட்டினார். மாப்பிள்ளை தடுத்துவிட்டார்.

“எதுக்கு மாமா வீண் செலவு? எங்கிட்ட பழைய நெட்வொர்க் கார்டு ஒண்ணு சும்மா கெடக்கு. அத்தை கம்ப்யூட்டர்ல சொருகி, அங்கேருந்து ஒரு கேபிள் இழுத்துட்டா ரெண்டுலயும் நெட் வரும். காலணா செலவில்ல.”

மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, தன்னால் மேற்கொண்டு ஒரு செலவும் வந்துவிடக் கூடாது என்று அவருக்கு வீம்பு. அந்த வீம்பு எனக்குப் புரிந்தது. அந்தக் கேபிள்தான் புரியவில்லை. அது என் மேஜைக்கு அடியில் கிளம்பி, சுவரோரமாகப் போய், சமையலறை வாசலைக் குறுக்கே கடந்து, உள்ளறைக் கதவிடுக்கில் நுழைந்தது. மேலே பழுப்பு டேப் ஒட்டி வைத்தார். பெருக்கினால் டேப் பிய்ந்துகொண்டு வரும். முதல் நாளே வீட்டுக்காரர் கால் இடறி, கையிலிருந்த காபியைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். ஊற்றிக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? “பரவால்ல மாப்பிள்ளை, நான்தான் பாக்காம நடந்துட்டேன்.” நான் தவறி ஒரு தட்டைக் கீழே போட்டால் மூன்று தெரு கேட்கக் கத்துகிற மனிதர்.

போதாக்குறைக்கு ஒரு நிபந்தனை வேறு. அவருக்கு நெட் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. ஆகவே என்னுடையதை நான் அணைக்கக் கூடாது. வேலை முடிந்து எழுந்தாலும் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும். எனக்கு மேஜைக்கு அடியில் காலை வைத்தால் வெந்தது.

முதல் வாரம் பதிவுகள் இறங்குவதற்குள் உயிர் போயிற்று. இறங்கி முடிக்காமல் நான் என்னத்தை அடிப்பது? மகளைப் பிடித்துக்கொண்டேன்.

“உன் வீட்டுக்காரர் என் லைனை மொத்தமா உறிஞ்சிடறாரு. நான் வேலை பாக்கணுமா வேண்டாமா? சொல்லுடி அவர்கிட்ட.”

அதென்ன, நேரே அவரிடமே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்ல வராது. மாப்பிள்ளையிடம் எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் “சாப்பிட வாங்க”, “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க”, அவ்வளவுதான். குறை என்றால் மகள் வழியாகத்தான் போகும். அவள் அதில் உள்ள காரத்தையெல்லாம் வடிகட்டிவிட்டு என்ன சொன்னாளோ, “பாத்துக்கறேன்னாரும்மா” என்று திரும்பி வந்தாள்.

நான் அதை நம்பவில்லை. இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கினேன். மறுநாளே என் பதிவுகள் மளமளவென்று இறங்க ஆரம்பித்தன. “கேக்கிற விதத்துல கேட்டா நடக்கும்” என்று வீட்டுக்காரரிடமும் மகளிடமும், கடையில் பக்கத்தில் நின்றவர்களிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆனாலும் ஆரம்பித்த வாய் நிற்குமா? கேபிள், டேப், காலடிச் சூடு என்று ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு மாப்பிள்ளையின் நேர்காணல். அவர் தேடுவது நெட்வொர்க் வேலை, அதாவது பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிப்பது. கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். “சார், கேக்கல சார். மறுபடி சொல்றீங்களா? சார்? ஹலோ?” இதுவே பாட்டு. நான் இங்கே மென்று விழுங்குகிற டாக்டரைக் கேட்பதா, இவருடைய ஹலோவைக் கேட்பதா? முதல் நேர்காணல் அப்படியே போயிற்று. இரண்டாவதிலும் பாதியில் அவர்களே துண்டித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மகளிடம் சொன்னேன்: “சொந்தமா ஒரு லைன் ஒழுங்காப் போடத் தெரியாதவருக்கு, லைன் போடற வேலையை எவன்டி தருவான்?”

அவள் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மீதி வெங்காயத்தைத் தானே நறுக்கினாள்.

மூன்றாவது நேர்காணல் வந்தது. அதற்கு முந்தின நாள் மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “இதுவும் போச்சுன்னா அவர் வெளியூருக்குப் போறேங்கறாரும்மா. கெடைச்ச வேலையைப் பாத்துக்கிட்டு, தனியா அங்கேயே தங்கிக்கறாராம். நான் இங்கயே இருக்கணுமாம்.” அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேர்காணல் அன்று காலை, வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்றாள்.

“அம்மா, இன்னிக்கு பதினோரு மணிக்கு அவருக்கு. நீ கொஞ்சம்...”

“நான் கொஞ்சம் என்ன?”

“ஒண்ணுமில்ல. வரேன்.”

போய்விட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த வீட்டில் யாருக்குமே ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லத் தெரியாதா?

என் வேலையிலும் பதினோரு மணி முக்கியம். அப்போதுதான் அன்றைய பதிவுகளைக் கட்டுக் கட்டாகப் போடுவார்கள். பெயரைக் கொடுத்து ஒரு கட்டை எடுத்துக்கொண்டால் அரை மணிக்குள் முழுதாக இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். அன்று கிடைத்தது பெரிய கட்டு. இறக்குகிற பட்டனை அழுத்திவிட்டு, காதில் மாட்டுவதைக் கழற்றி வைத்துக் காத்திருந்தேன். பச்சைக் கோடு திரையில் நன்றாகவே நகர்ந்தது.

உள்ளறையில் ஆரம்பித்துவிட்டது. “சார், கேக்கல சார்.”

கேபிள் இடுக்கில் கிடப்பதால் அந்தக் கதவு முழுதாகச் சாத்தாது. எனக்கோ காதால் பிழைப்பு. எவ்வளவு இரைச்சலிலும் ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்துவிடுவேன். கேள்வி கேட்டவர் குரல் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஆனாலும் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“நெட்வொர்க் வேலைக்கு வந்திருக்கீங்க. உங்க வீட்டு நெட்வொர்க்கே இந்த லட்சணத்துல இருக்கே?”

சமையலறையில் நான் சொன்ன அதே பேச்சு. வெளி ஆள் வாயிலிருந்து வந்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் மாப்பிள்ளையை நான் சொல்லலாம், இவன் யார் சொல்ல?

மாப்பிள்ளை கேள்வியை இரண்டு தரம் திருப்பிக் கேட்டுப் புரிந்துகொண்டார். பிறகு நிதானமாகப் பதில் சொன்னார்.

“இது ரிப்பேர் இல்ல சார். நானே இப்படி வெச்சிருக்கேன். ஒரே லைன், ரெண்டு கம்ப்யூட்டர். இன்னொண்ணுல என் மாமியார் வேலை பாக்கறாங்க. அவங்களுக்கு எவ்வளவு வேணுமோ அது முதல்ல போயிடும். மிச்சம் இருந்தா எனக்கு வரும். இப்ப அவங்க ஏதோ பெருசா இறக்கறாங்கன்னு நெனைக்கறேன்.”

அந்தப் பக்கம் எதையோ கேட்டார்கள். விட்டுவிட்டு வந்தாலும் புரிந்தது. இந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள்.

“மாத்தணும்னா அவங்க கம்ப்யூட்டர்லதான் சார் மாத்தணும். அவங்க வேலைல இருக்காங்க. எந்திரிங்கன்னு சொல்ல முடியாது சார்.”

என் திரையில் பச்சைக் கோடு முக்கால்வாசி வந்துவிட்டிருந்தது. கம்பெனிப் பெண்ணிடம் கத்தி நான் வாங்கியதாக நினைத்த வேகம்! யாரிடமெல்லாம் பெருமையடித்தேன்! அந்த இரண்டு நேர்காணல்களின்போதும் நான் இங்கே உட்கார்ந்து கட்டுக் கட்டாக இறக்கிக்கொண்டிருந்தேன். இறங்குகிற வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு, அவருடைய ஹலோவைக் கேட்டு முகம் சுளித்துக்கொண்டிருந்தேன்.

“சார்? ஹலோ? கேக்கல சார்...”

நிறுத்துகிற பட்டனை அழுத்தினேன். நிஜமாகவே நிறுத்தவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. “நிறுத்தித் தொலை” என்று வாய்விட்டுச் சொல்லியே அழுத்தினேன். பச்சைக் கோடு மறைந்தது. உள்ளறையில் கேள்வி கேட்டவர் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெளிவாக வந்தது. மாப்பிள்ளை மடமடவென்று பதில் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் தெரிந்தவர் பேசுகிற பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க டாக்டர்களைக் கேட்கிறவள் நான்.

என் மேற்பார்வைப் பெண் போனில் வந்தாள். முதல் மணியிலேயே எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினேன்.

“மேடம், உங்க கட்டு பாதியில நின்னிருக்கே?”

“ஆமா, நின்னிருக்கு.”

“லைன் போயிடுச்சா?”

“லைன் இருக்கும்மா. எனக்கு இல்ல.”

“புரியல மேடம். அரை மணிக்குள்ள இறக்கலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். உங்க பேருக்குக் கரும்புள்ளி விழும்.”

“கொடுத்துடு. புள்ளியும் வெச்சுக்கோ” என்று போனை வைத்தேன்.

இதற்குள் வெளியே போயிருந்த வீட்டுக்காரர் வந்து, கூடத்தில் டிவியில் செய்திகளைச் சத்தமாக வைக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வெகுநேரம் கழித்து மாப்பிள்ளை வெளியே வந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

“முடிஞ்சுதா?” என்றேன். மகள் இல்லை, நடுவில் யாரும் இல்லை. நேரேதான் கேட்டேன்.

“இன்னும் இல்ல அத்தை. அவங்களுக்கு மேல இருக்கிறவர் பேசணுமாம். பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடுவாங்க. தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்.”

செம்பை அவர் கையில் கொடுத்தேன். கொடுத்ததோடு பொரிந்து தள்ளினேன்.

“ஏன் மாப்பிள்ளை, வாயில என்ன கொழுக்கட்டையா? அத்தை, ஒரு மணி நேரம் எதையும் இறக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, தலையையா சீவிடுவேன்? ரெண்டு வேலை போச்சே உங்களுக்கு! என்னால போச்சே! அவளையும் எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க, அதான் அவ வாசல்ல நின்னு முழுங்கிட்டுப் போறா. இதுக்குப் பேரு மரியாதையா?”

அவர் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை.

“முதல்ல ரெண்டுக்கும் சமமாத்தான் வெச்சிருந்தேன் அத்தை” என்றார். “நீங்க உறிஞ்சிடறாருன்னு சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரிதான் மாத்தினேன்.”

“அவ வந்து சொன்னாளா?”

“அவ பதமாத்தான் சொன்னா. நீங்க சொன்னது எனக்கு உள்ளேயே கேட்டுது.”

உறிஞ்சுகிறார் என்றது கேட்டிருந்தால் வெங்காயம் நறுக்கும்போது சொன்னதும் கேட்டிருக்கும். கேட்டதா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்போது தண்ணீரைக் குடித்தார். அது எனக்குத் தெரிந்தது, அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“உக்காருங்க.”

“இல்ல அத்தை, நீங்க வேலையை...”

“எந்திரிச்சுட்டேன் மாப்பிள்ளை. இனிமே உக்கார மாட்டேன். நீங்க உக்காந்து மாத்துங்க. நான் பாக்கணும்.”

உட்கார்ந்தார், நுனியில்தான். விரல்கள் என் கீபோர்டில் ஓடின. திரையில் ஏதேதோ வந்து போயிற்று. நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“உங்களுக்கு எவ்வளவு வைக்கட்டும் அத்தை?”

“உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை வைங்க” என்றேன். உள்ளறையில் அவர் கம்ப்யூட்டர் கூப்பிட ஆரம்பித்தது.